மாமியாரை ஒப்படைத்த வீட்டின் மேலா சந்தேகம்?

கேள்வி: சென்ற மாதம் சிங்கப்பூர் தோ பாயோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலுக்குக் குடிவந்தோம். சாமான் ஏற்றிய அன்று பெட்டிகள் நெடுநேரம் தாழ்வாரத்தில் கிடந்தன. இங்கே வந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு ஜோடிப் பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளிச் சந்தனக் கிண்ணம், மாமியாரின் பழைய மைலோ டின் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) மேல்தான் எங்களுக்குச் சந்தேகம். அன்று முழுக்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். மாமியாருக்கு 79 வயது. சாமான்களுக்கு நடுவே இடறி விழுந்துவிடப் போகிறார் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரை மாக்சிக் வீட்டில்தான் உட்கார வைத்திருந்தோம். அந்தத் தளத்தின் வாட்ஸ்அப் குழுவில், ‘எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டால் போலிசுக்குப் போக மாட்டோம்’ என்று என் கணவர் எழுதினார். மாக்சிக் பதிலே போடவில்லை. மாமியார் வருத்தப்படுவார் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போலிசில் புகார் கொடுக்கலாமா?

- பொங்கோல் வாசகி

பதில்: சகோதரி, விளக்கைப் பற்றி அப்புறம் பேசலாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மாமியாரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டில் உட்கார வைத்திருந்தோம் என்று, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அன்று மதியம் அவருக்குச் சோறு போட்டது யார்? மாத்திரையை ஞாபகமாக எடுத்துக் கொடுத்தது யார்? கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார்? நீங்கள் எத்தனை தடவை போய் எட்டிப் பார்த்தீர்கள்? இதில் ஒன்றைப் பற்றியும் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கதவு திறந்திருந்தது மட்டும் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே இருந்தது உங்கள் வீட்டுப் பெரியவர். அவரை வைத்துக்கொண்டு அந்த அம்மா கதவைச் சாத்தியிருந்தால், அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள்.

ஒரு முழு நாள் 79 வயது மனுஷியை நம்பி விட முடிந்த வீட்டை, பித்தளை விளக்கு விஷயத்தில் நம்ப முடியவில்லையா? எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அந்தக் கடமையை ஒரு நாள் உங்களுக்காகச் செய்தவருக்கு நீங்கள் கொடுத்த கூலி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி குழுவில் போட்ட ஒரு மிரட்டல். அவர் பெயரை எழுதவில்லையே என்று சொல்லாதீர்கள். தாழ்வாரத்தில் உங்களுக்கு அடுத்த வீடு எது என்று அந்தக் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு அவர் என்ன பதில் போடுவார்? ‘நான் எடுக்கவில்லை’ என்றா?

இன்னொன்று கேட்கிறேன். புது வீட்டில் பால் காய்ச்சியபோது எந்த விளக்கை ஏற்றினீர்கள்? குடிபோகும்போது விளக்கும் அரிசியும் உப்பும்தான் முதலில் உள்ளே போகும். வீட்டுப் பெரியவர் கையால் கொண்டு போவதுதான் நம் வழக்கம். அந்த விளக்கை லாரிப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் இல்லையென்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். சாமான் கட்டும்போது அத்தையைக் கிட்டே சேர்க்கவில்லை என்பது எழுதாமலே விளங்குகிறது. மைலோ டின் அவருடையது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது எங்கே என்று கேட்க வேண்டிய முதல் ஆளிடம்தான் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே புகாரோடு எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. வயதானவர்கள் முன்பின் தெரியாத லாரி ஆட்களை நம்ப மாட்டார்கள். முதல் நாள் ராத்திரியே விளக்கைப் பழைய துண்டில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவே செருகிவிடுவார்கள். டின்னை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து, ‘வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லியும் இருப்பார்கள். உங்கள் அத்தை அப்படிச் செய்தாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வருத்தப்பட்டால் படட்டும். தன் சாமான் தொலைந்ததற்கு வருத்தப்படும் உரிமையாவது அவருக்கு இருக்கட்டும்.

சரி, அவருக்கும் தெரியவில்லை என்றால்? பிரிக்காத பெட்டி ஒன்று பாக்கியில்லாமல் திறந்து பாருங்கள். வேண்டாம் என்று மின்தூக்கிப் பக்கம் ஒதுக்கிய சாமான்களோடு நல்ல பெட்டியும் சேர்ந்து வைக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். குடிபோகிறவர்கள் விட்டுப்போனது என்று நகர மன்றத் துப்புரவாளர் அப்புறப்படுத்தியிருக்கலாம், பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் பித்தளையைக் கண்டு எடுத்துப் போயிருக்கலாம். தாழ்வாரத்தில் எப்போதும் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. நெடுநேரம் அடைத்துக் கிடந்த பெட்டிகளை யாராவது நகர்த்தி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சாமான் ஏற்றிய நிறுவனத்திடம் கேட்டீர்களா? வீட்டுக்குள் வந்து பெட்டிகளைத் தூக்கிப்போனவர்கள் அவர்கள். அவர்களை விட்டுவிட்டுச் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. ஒப்பந்தத் தாளை எடுத்துப் படித்து, எழுத்தில் முறையிடுங்கள். அவர்கள் கையில் தொலைந்தது என்று தெரிந்து, பேசியும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை 2 ஆண்டுக்குள் அங்கே கொண்டு போகலாம்.

போலிசுக்குப் போவது உங்கள் உரிமை. என்னென்ன காணோம், கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். கண்ணால் பார்க்காத திருட்டுக்கு அந்த அம்மாவின் பெயரைக் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன்னால், அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே உங்கள் கணவர் இன்னொரு செய்தி போட வேண்டும். ‘அவசரப்பட்டு எழுதிவிட்டேன், யாரையும் சந்தேகப்பட எனக்கு ஆதாரம் இல்லை, மன்னியுங்கள்’ என்று இருந்தால் போதும். விளக்கு கிடைக்கிற வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள், கிடைக்காமலே போனாலும் எழுதத்தான் வேண்டும். இந்தச் சனிக்கிழமையே அத்தையைக் கூட்டிக்கொண்டு தோ பாயோவுக்குப் போங்கள். தொலைபேசியில் முடித்துவிடப் பார்க்காதீர்கள். கணவரும் காரிலேயே உட்கார்ந்திருக்காமல் மேலே வரட்டும். எழுதியவர் அவர், மன்னிப்பும் அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.