வாசகர் கேள்வி: ஓடையைக் காப்பாற்ற மனு மட்டும் போதுமா?

கேள்வி: சுரங்கக் கழிவு ஓடையில் கலப்பதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம், பதிலே இல்லை. அப்புறம் என்ன செய்வது?

பதில்: சோர்ந்துவிடாதீர்கள். மனுவோடு அளவீடும் சேர்ந்தால்தான் அதிகாரிகளால் தட்டிக்கழிக்க முடியாது. தோண்டிப் போட்ட பாறையில் இருக்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறி, இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது, சுரங்கத்தை மூடிப் பல பத்தாண்டுகள் ஆனாலும் இது நிற்காது. அந்த இரும்பு படிந்து கற்களில் ஆரஞ்சு நிறப் படிவு தெரிகிறதா? படம் எடுங்கள். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும், தேதி நேரத்தோடு, நீரின் அமிலத்தன்மையையும் மின்கடத்துதிறனையும் (நீரில் எவ்வளவு உப்பும் உலோகமும் கரைந்திருக்கிறது என்று காட்டுவது) அளந்து எழுதி வையுங்கள். மழைக்குப் பிறகு கட்டாயம் அளக்க வேண்டும். ஒருநாள் அளவை யாரும் மதிக்கமாட்டார்கள், மாதக்கணக்கில் வேண்டும்.

அமெரிக்காவின் 1977 நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தில் குடிமக்களே ஆய்வு கேட்கலாம், வழக்கும் தொடரலாம். உங்கள் சட்டத்தில் அப்படி என்ன வழி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சரி, ஜெயித்துவிட்டால்? அதற்குப் பிறகும் கண் வைத்திருங்கள், 2016 டிசம்பரில் அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்காக வந்த ஓடைப் பாதுகாப்பு விதியை 2017 பிப்ரவரியிலேயே ரத்து செய்துவிட்டார்கள்.