சீலிங் ஸ்பீக்கர் வயரிங்: முதலில் ஓம் கணக்கு, அப்புறம் ஒயர்

கேள்வி: 8 ஓம் சீலிங் ஸ்பீக்கர் நான்கு வாங்கிவிட்டேன். ரிசீவரில் இடது, வலது என்று இரண்டே சேனல். எல்லா ஒயரையும் சேர்த்து முறுக்கி ஒரே டெர்மினலில் செருகலாமா?

தயவுசெய்து வேண்டாம். எத்தனை ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறீர்கள் என்பது ரிசீவருக்குத் தெரியாது, மொத்தம் எத்தனை ஓம் (மின்தடை) வருகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 4 ஓம், நான்கை இணைத்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் (ரிசீவருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்) அதிக மின்னோட்டம் கொடுக்க வேண்டிவரும், சூடாகும். மெல்லிய சத்தத்தில் எந்தக் கோளாறும் தெரியாது, அதனால்தான் பலர் சரியாக மாட்டிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். ஒருநாள் வால்யூமை ஏற்றும்போது ரிசீவர் தானாக அணையும், பாதுகாப்பு சரியில்லாத ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும்.

ரிசீவரின் பின்பக்கம் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். 4 என்று இருந்தால் சேனலுக்கு இரண்டு பேரலலாக மாட்டலாம். 6 அல்லது 8 என்றால் சேனலுக்கு இரண்டை சீரீஸில் (ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸில் கோத்து) மாட்டுங்கள்: 16 ஓம் வரும், அதே வால்யூமில் சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் ஆபத்தில்லை. சீரீஸில் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பவர் சமமாகப் பிரியாது. ஒன்று அறுந்தால் மற்றதும் நின்றுவிடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: மோனோ வேண்டும் என்று இடது, வலது அவுட்புட்களை ஒயரால் ஒன்றாகக் கட்டவே கட்டாதீர்கள், ஆம்ப் கெட்டுப்போகும்.

கேள்வி: நான்கு அறை, எட்டு ஸ்பீக்கர். ஒரே ரிசீவரைப் பல அறைகளுக்குப் பிரித்துவிடும் செலக்டர் பெட்டி போதுமா?

பெட்டியைப் பொறுத்தது. சிலவற்றில் வெறும் ஸ்விட்ச்தான், எல்லா அறையையும் போட்டால் பழைய பேரலல் பிரச்சினையே திரும்பி வரும். உள்ளே ரெசிஸ்டர் வைத்த பெட்டி ரிசீவரைக் காப்பாற்றும், ஆனால் பவரில் ஒரு பகுதி சூடாகவே வீணாகும். இம்பிடன்ஸ் மேட்சிங் வால்யூம் கன்ட்ரோலை (ரிசீவருக்கு மொத்த ஓம் ரொம்பக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வகை) அறைக்கு ஒன்று வைப்பது இதைவிட நல்லது. என்னைக் கேட்டால், எட்டு ஸ்பீக்கர் என்றாலே எட்டு சேனல் ஆம்ப் ஒன்று தனியாக வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிச் சேனல், ஓம் கவலையே இல்லை.

கேள்வி: எவ்வளவு தடிமன் ஒயர்?

8 ஓமுக்கு 15 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு போதும், போக வர 30 மீட்டர், ஒயரின் தடை சுமார் 0.36 ஓம்தான். 25 மீட்டர் என்றால் 2.5 போடுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயருக்குத் தடை அதிகம், அதைக் கூரைக்குள் விட்டுவிட்டு அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

கேள்வி: பாட்டு கேட்கிறது, பேஸ் மட்டும் காணோம்.

ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸைப் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே, அதாவது கீழ்நோக்கி, தள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் அந்த ஸ்பீக்கரில் ஒயரை மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: 8 ஓம் ஸ்பீக்கர், மல்டிமீட்டர் 6.5 காட்டுகிறது. பழுதா?

இல்லை. மீட்டர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலின் டிசி தடையை (பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கான தடை), அது ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓமைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் தாராளமாக மாட்டலாம்.