கண்ணுல வெச்ச போகஸ் காதுல விழுதா?

கோத்தகிரியில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. கிராப் சென்சார் (சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ள மிரர் வெச்ச கேமரா, புதுசா ஒரு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். ஹட்டியில (படுகர் ஊர்ல) ஒரு கல்யாணத்துக்கு எடுத்த க்ளோசப்ல பாதிக்கு மேல கண்ணு மங்கல், காதுல தொங்குற கம்மல் மட்டும் பளிச்சுனு நிக்குதாம், ஆனா லைவ் வியூல (பின்னாடி ஸ்கிரீனைப் பாத்து) எடுத்தா சரியா வருதாம். கேமரா மெனுவுல போகஸைத் திருத்துற நம்பரை ப்ளஸ் 10 வெச்சுடு எல்லாம் சரியாயிடும்னு ஃப்ரெண்டு சொல்றாராம், வெச்சுடலாமா இல்ல லென்ஸைத் தூக்கிட்டு கோயம்புத்தூர் சர்வீஸுக்கு இறங்கணுமான்னு கேக்குறாரு.

தம்பி, இப்போதைக்கு ரெண்டுமே வேணாம். அதுலயும் ப்ளஸ் 10 வெச்சீங்கன்னா கம்மல்ல இருக்குற போகஸ் இன்னும் பின்னாடி போயி கொண்டையில உக்காரும். நிக்கான்ல ஏஎஃப் ஃபைன் ட்யூன்னு இருக்கும், கேனான்ல மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்னு இருக்கும், ரெண்டுலயும் மைனஸ் 20ல இருந்து ப்ளஸ் 20 வரைக்கும், மைனஸ்னா போகஸ் கேமரா பக்கம் கிட்ட வரும், ப்ளஸ்னா தள்ளிப் போகும். உங்களுக்குத் தேவைப்பட்டா மைனஸ் தான்.

லைவ் வியூல சரியா வருதுன்னு சொன்னீங்கல்ல, அது நல்ல சேதி, லென்ஸ் கண்ணாடியில கோளாறு இல்ல. வ்யூஃபைண்டர்ல (கண்ணை வெச்சுப் பாக்குற ஓட்டையில) பாக்கும்போது வெளிச்சத்துல ஒரு பங்கு மெயின் மிரருக்குப் பின்னால இருக்குற குட்டி மிரர்ல பட்டு, கேமரா அடியில இருக்குற தனி போகஸ் சென்சாருக்குப் போகுது. போகஸைக் கணக்குப் போடுறது அது, படம் விழுறது வேற சென்சார்ல. இந்த ரெண்டு தூரமும் இம்மி பிசகாம ஒண்ணா இருக்கணும், அங்க கொஞ்சம் வித்தியாசம் வந்தா படத்துல கண்ணு காதாயிடும். லைவ் வியூல மிரர் மேல போயிடுது, படம் விழுற சென்சாரே போகஸும் பாக்குது, பிரச்னை இல்ல. மிரர்லெஸ்காரங்க இந்தத் தலைவலி இல்லாம இருக்குறதுக்கும் இதே காரணம் தான். கல்யாணப் பொருத்தம் மாதிரின்னு வெச்சுக்குங்க, கேமரா பாடி ஜாதகமும் நல்ல ஜாதகம், லென்ஸ் ஜாதகமும் நல்ல ஜாதகம், சேர்த்து வெச்சா தான் சில நேரம் இடிக்குது.

ஆனா எல்லா மங்கலும் இந்த மங்கல் இல்ல. 85 எம்எம்ல எஃப் 1.8 (லென்ஸ் வாயை முழுசாத் திறந்து) வெச்சு 2 மீட்டர்ல நின்னு எடுத்தா உங்க கேமராவுல தெளிவா இருக்குற ஆழம் மொத்தமே சுமார் 4 சென்டிமீட்டர் தான், கண்ணுக்கு முன்னால ரெண்டு பின்னால ரெண்டு. நடு போகஸ் பாயிண்ட்ல கண்ணைப் பிடிச்சு லாக் பண்ணிட்டு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வெப்பீங்கல்ல, கண்ணு ஃப்ரேம் ஓரத்துக்குப் போற அளவு திருப்பினா அதுலயே போகஸ் 2 சென்டிமீட்டர் பின்னால போயிடும், கவனிச்சுக்குங்க, பின்னால தான் போகும், முன்னால போகாது. அதோட நீங்க மூச்சு விட்டு ஒரு ஆட்டம் ஆடினா மீதியும் போச்சு. பார்த்தா அப்படியே காலிப்ரேஷன் கோளாறு (பாடியும் லென்ஸும் ஒத்துப்போகாதது) மாதிரியே இருக்கும். அதனால முதல்ல திருப்புறதை விட்டுட்டு கண்ணு மேலயே பாயிண்டை நகர்த்தி, கன்டினியூவஸ் போகஸ்ல (விடாம போகஸைத் திருத்திக்கிட்டே இருக்குற மோடுல) ஒரு இருபது படம் எடுத்துப் பாருங்க.

அப்புறமும் பின்னால விழுந்தா டெஸ்ட். ஒரு அட்டைப்பெட்டியில தினத்தாளை சுருக்கம் இல்லாம ஒட்டி ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல வைங்க, பெட்டி முகம் கேமராவுக்கு நேரா இருக்கணும். பெட்டியை ஒட்டி ஒரு பக்கமா தீப்பெட்டிகளை நிறுத்துங்க, ஒண்ணு பெட்டி முகத்துக்கு சரியா நேரா, மத்தது 2 சென்டிமீட்டர் 2 சென்டிமீட்டரா முன்னாலயும் பின்னாலயும். ட்ரைபாட், நீங்க வழக்கமா எடுக்குற தூரம், எஃப் 1.8, நடு பாயிண்ட் பேப்பர் மேல, டைமர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி போகஸ் ரிங்கைக் கையால கலைச்சு விட்டுட்டு திரும்பப் பிடிக்க விடுங்க. வ்யூஃபைண்டர்ல பத்து, லைவ் வியூல ரெண்டு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல நூறு சதவீதத்துல பாருங்க.

பத்துல எட்டு ஒன்பது ஒரே பின் தீப்பெட்டியில விழுந்தா தான் மெனுவைத் தொடணும், மைனஸ் 5 வெச்சு திரும்ப பத்து, பத்தலைன்னா மைனஸ் 10. ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னாலன்னு சிதறினா எந்த நம்பரும் உதவாது, அது வெளிச்சம், கான்ட்ராஸ்ட், இல்ல கை. நம்ம ஊர்ல பெரும்பாலும் மஞ்சு (பனிமூட்டம்) தான். மஞ்சு இறங்கிட்டா கான்ட்ராஸ்ட் செத்துடும், லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கிட்டே இருக்கும், ஹட்டி கல்யாணத்துல வெள்ளை உடுப்பு மேல பாயிண்ட் வெச்சாலும் அதே கதி, மடிப்பு ஓரமா பாத்து வைங்க.

நானே மாட்டியிருக்கேன். தொட்டபெட்டா பக்கம் ஒரு சாயங்காலம் மஞ்சுல அவசரமா நாலே படம் எடுத்துப் பாத்துட்டு மைனஸ் 12 வெச்சேன், மறுநாள் முகூர்த்தம் பூரா மூக்குத்தி ஜொலிக்குது, மணப்பொண்ணு கண்ணு மங்கல். பொண்ணோட அம்மா ஆல்பத்தைப் பாத்து "மூக்குத்தி நல்லா விழுந்திருக்கு தம்பி"ன்னு சொன்னது இன்னைக்கும் காதுல இருக்கு.

வெச்ச நம்பர் உங்க பாடிக்குள்ள தான் இருக்கும், லென்ஸோட போகாது. ஃப்ரெண்டு பாடியில மாட்டினா அங்க வேற நம்பர், அவர் சொன்ன ப்ளஸ் 10 அவருக்கு சரியா இருந்திருக்கலாம். மைனஸ் 20 வரைக்கும் போயும் பத்தலைன்னாலோ, உங்க பாடியில அந்த மெனுவே இல்லைன்னாலோ (ஆரம்ப நிலை மாடல் நிறையத்துல இருக்காது) அப்போ கோயம்புத்தூர் இறங்குங்க, ஆனா லென்ஸை மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க, பாடியும் சேர்த்து, அந்த பத்து டெஸ்ட் படமும் ஒரு கார்டுல போட்டு.