46 வயதில் சோம்பேறிக் கண்: பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சிறு வயதிலிருந்தே இடது கண் மங்கல். சோம்பேறிக் கண் என்றார்கள். கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டேன். மூன்று மாதக் கணினிப் பயிற்சியில் முழுப் பார்வை வரும் என்று ஓரிடத்தில் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் கண்ணில் கோளாறு பெரிதாக இருக்காது. சிறு வயதில் அந்தக் கண் தெளிவான படத்தை அனுப்பாததால், மூளை அதைக் கவனிக்கப் பழகவில்லை. பெரியவர்களுக்கும் மூளை கொஞ்சம் மாறும் என்பது உண்மைதான். அந்தக் 'கொஞ்சத்தை' வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. பெரியவர்களையும் சேர்த்து நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி விளையாட்டு ஆடியவர்களுக்கும் அதே போன்ற போலி விளையாட்டு ஆடியவர்களுக்கும் முன்னேற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முழுப் பார்வைக்கு உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

லேசிக் என்ற லேசர் அறுவை சிகிச்சை செய்தால் சரியாகும் என்று அழைத்துப் போகும் இடைத்தரகர்களையும் நம்பாதீர்கள். லேசிக் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும், மூளையின் பழக்கத்தை மாற்றாது. அதிலும் நல்ல கண்ணில் அவசியமில்லாத அறுவை சிகிச்சை வேண்டவே வேண்டாம். நல்ல கண்ணை மூடும் பட்டையையும் நீங்களாக ஒட்டிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களில் சிலருக்கு அதனால் தீராத இரட்டைப் பார்வை வந்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: கண்ணாடியைக் கழற்றிவிட்டேன் என்கிறீர்கள். அப்படியென்றால் சரியான பவரை நீங்கள் இன்னும் முயன்றே பார்க்கவில்லை. இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமானால், கண்ணாடி வழியே ஒரு படம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியும். தலை சுற்றுவது அதனால் இருக்கலாம். கான்டாக்ட் லென்ஸில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். அது ஒத்துவராவிட்டால், பவரைப் படிப்படியாக ஏற்றிக் கண்ணாடி தரச் சொல்லுங்கள். சில மாதம் விடாமல் போட்டுப் பாருங்கள். மருத்துவரின் எழுத்துப் பலகையில் ஓரிரு வரி கூடுதலாகப் படிக்க முடிந்தாலும் லாபம்தான். இடையில் ஒன்று இரண்டாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், உங்கள் நல்ல கண்தான் உங்கள் சொத்து. பவர் தேவையில்லை என்றாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி அணியுங்கள், எளிதில் உடையாது. வருடம் ஒரு முறை விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். சோம்பேறிக் கண் முன்பைவிட மங்கினால், அது பழைய கதை என்று விடக் கூடாது. புரையாகவோ, கண் நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமாவாகவோ இருக்கலாம்.

உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் இப்போதே காட்டுங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடியது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எழுத்தைப் படிக்கச் சொல்லி 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கும் பள்ளிப் பரிசோதனைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒவ்வொரு கண்ணாக, விரல் இடுக்கு வழியே எட்டிப் பார்க்காதபடி நன்றாக மூடிச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.