பூட்டிய கணக்கும் கைவிட்ட எண்ணும்

கேள்வி: எங்கள் கோயில் காவடிப் படங்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த என் சமூக வலைத்தளக் கணக்கு திடீரெனப் பூட்டப்பட்டுவிட்டது. உதவி மையத்துக்கு எத்தனை முறை எழுதினாலும் ஒரே இயந்திரப் பதில்தான் வருகிறது. உறுதிக் குறியீடோ நான் கைவிட்ட பழைய எண்ணுக்குப் போகிறது. என்ன செய்வது, ஐயா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, முடிச்சு அந்தப் பழைய எண்ணில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ரிக்கா (RICA) என்ற தகவல்தொடர்புச் சட்டப்படி சிம் அட்டைகள் உரியவரின் அடையாள விவரத்தோடும் முகவரியோடும் பதிவு செய்யப்படுவதால், அந்த எண் வேறொருவருக்குப் போகாமல் இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால், அடையாள அட்டையையும் முகவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்கு நேரில் சென்று மாற்று சிம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், வழக்கமாகக் கணக்கைத் திறந்த அதே கைபேசியில், வீட்டு இணைய இணைப்பிலேயே மீட்புப் பக்கத்துக்குச் சென்று, அடையாள அட்டையின் படத்தைக் கேட்டால் அனுப்புங்கள். அட்டையின் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். விளக்கொளி பட்டுப் பெயர் மறைந்துவிட்டால் மீண்டும் அதே இயந்திரப் பதில்தான் வரும் (அதற்கு இரக்கம் கிடையாது). இடையில், பணம் தந்தால் மீட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்கு ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள், குறியீட்டையும் சொல்லாதீர்கள்.