இடுப்பு பெல்ட் ஏன் மேலே ஏறுகிறது?

கேள்வி: பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை செய்கிறேன். வயது 44, உயரம் 5 அடி 3 அங்குலம், கொஞ்சம் தொப்பை உண்டு. விடிகாலையில் லோடு இறக்க ஆரம்பித்தால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழ் இடுப்பு கடுக்கத் தொடங்கிவிடுகிறது. வலி காலுக்கு இறங்குவதில்லை. எக்ஸ்-ரே பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், வேண்டுமானால் பெல்ட் போடுங்கள் என்றார். பேன்ட் அளவு 34 என்று சொல்லி மெடிக்கலில் எல்.எஸ். பெல்ட் (கீழ் முதுகைத் தாங்கும் லம்போ-சேக்ரல் பெல்ட்) வாங்கினேன். உட்கார்ந்தாலே நெஞ்சுக்கூடு வரை ஏறிவிடுகிறது. மாரண்டஅள்ளியிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறேன். வேறு எந்த பெல்ட் வாங்கலாம்? நாள் முழுக்கப் போடலாமா?

பதில்: நீங்கள் வாங்கிய வகை சரிதான். தப்பு அளவில் இருக்கிறது, பெரும்பாலும் அகலத்திலும் கட்டும் இடத்திலும் இருக்கும். புதிதாகக் காசு போடும் முன் கையில் இருப்பதை ஒருமுறை சரியாகக் கட்டிப் பாருங்கள்.

முதலில் அளவு. பேன்ட் 34 என்றால் 86 சென்டிமீட்டர். கடைக்காரர் அதைக் கேட்டு 80–90 என்று போட்ட 'எம்' பெட்டியை எடுத்துக் கொடுத்திருப்பார். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிறார்கள். அதே ஆளைத் தொப்புள் மட்டத்தில் அளந்தால் 38 அங்குலம், அதாவது 96 சென்டிமீட்டர் வந்தாலும் ஆச்சரியமில்லை. அது 'எல்'. சின்ன பெல்ட்டை இழுத்துக் கட்டினால் முன்பக்கம் வெல்க்ரோவின் ஓரம் மட்டும் ஒட்டும். குனிந்ததும் பிடி விடும், பெல்ட் உடம்பின் ஒடுங்கிய பகுதியைத் தேடி மேலே போகும். பெரிய பெல்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும், கூடவே சுற்றிக்கொண்டு திரும்பும். தையல்காரரின் இஞ்ச் டேப்பை எடுத்து, மெல்லிய பனியன்மேல், நின்றபடி, மூச்சைச் சாதாரணமாக விட்டுவிட்டு அளந்துகொள்ளுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். தொப்புள் மட்டத்தில் அளப்பதா, இடுப்பு எலும்பு மட்டத்தில் அளப்பதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெட்டியின் பின்பக்கம் உள்ள படத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள், அந்த இடத்தில் அளந்த எண்தான் கணக்கு. இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். கட்டியபின் முன்பக்கம் வெல்க்ரோ ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது நாலு விரல் அகலம் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது அகலம். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. எல்.எஸ். பெல்ட் பலவற்றில் முதுகுப் பக்கம் 9 அங்குலத்துக்குக் குறையாது. ஆறடி ஆளுக்கு அது பொருந்தும். உங்கள் உயரத்துக்கு உட்கார்ந்ததும் தொடை பெல்ட்டின் கீழ் விளிம்பை மேலே தள்ளும், மேல் விளிம்பு விலா எலும்பில் இடிக்கும். ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பக்கம் கடைசி விலா எலும்பிலிருந்து தொடை மடிப்பு வரை அளந்து பாருங்கள். பெல்ட்டின் முன்பக்க அகலம் அந்த அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பின்னால் அகலமாகவும், பக்கவாட்டில் வளைவாக வெட்டி, முன்னால் ஆறு அங்குலத்துக்குச் சுருங்கியும் வரும் மாடல்கள் இருக்கின்றன. தொப்பை உள்ளவர்களுக்கும் குட்டையானவர்களுக்கும் அதுதான் ஏறாமல் நிற்கும். நேராக வெட்டிய பட்டை, இடுப்பைவிடப் பிட்டம் அகலமான எந்த உடம்பிலும் மேலே நழுவத்தான் செய்யும்.

கட்டும் இடம். பலரும் தொப்புளை நடுவாக வைத்துக் கட்டுகிறார்கள், அது உயரம் அதிகம். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் எலும்பின் மேல்விளிம்பில் உட்காரும் இல்லையா, அந்த மட்டத்தில்தான் முதுகெலும்பின் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகள் இருக்கின்றன. பெல்ட்டின் பின்பக்க நடு அங்கே வர வேண்டும். கீழ் விளிம்பு பிட்டம் தொடங்கும் மேட்டின்மேல் படியட்டும். உள்ளே இருக்கும் தகடுகள் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், எலும்பின் மேலேயே அழுத்தக் கூடாது. தகடு உலோகமாக இருந்தால் வெளியே எடுத்து, உங்கள் முதுகின் குழிவுக்கு ஏற்ப லேசாக வளைத்துக்கொள்ளலாம். முதலில் முன் வெல்க்ரோவை மிதமாக ஒட்டுங்கள். பிறகு பக்கவாட்டு எலாஸ்டிக் பட்டைகள் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு முன்னால் இழுத்து ஒட்டுங்கள். இறுக்கம் அந்தப் பட்டைகளிலிருந்துதான் வர வேண்டும். பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், வயிறு நிறைய மூச்சு இழுக்க முடிய வேண்டும்.

கடையிலேயே கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து, அரைக்குந்தலில் குனிந்து ஏதாவது ஒரு பொருளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் நகர்ந்தால் அது உங்களுக்கான பெல்ட் இல்லை.

மற்ற வகைகளில் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. நாலு விரல் அகல சேக்ரோ பெல்ட், இடுப்பு எலும்பும் முதுகுத்தண்டும் சேரும் மூட்டு வலிக்கு. தோள்பட்டை வரை போகும் டெய்லர் பிரேஸ், எலும்பு நொறுங்கினால் டாக்டர் எழுதித் தருவது. பிரசவத்துக்குப் பின் கட்டும் வயிற்று பெல்ட்டில் பெரும்பாலும் முதுகுத் தகடு இருக்காது. காந்தம் வைத்தது, தானாகச் சூடாகும் கல் வைத்தது என்று விற்பவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ரப்பர் போலத் தடித்த நியோப்ரீன் துணி ஏப்ரல், மே வெயிலில் லோடு ஏற்றுபவருக்கு வேர்க்குருவைத்தான் கொடுக்கும். காற்றுப் போகும் வலைத்துணி போதும், அதையும் பருத்தி பனியனுக்கு மேல் கட்டுங்கள்.

நாள் முழுக்கப் போடலாமா என்றால், வேண்டாம். பெல்ட் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று தெரிந்தால் இது புரியும். வயிற்றைச் சுற்றி அழுத்தம் கொடுத்து முதுகுக்கு ஒரு தாங்கலைத் தருகிறது. அளவுக்கு மீறிக் குனியும்போது அழுத்தி ஞாபகப்படுத்துகிறது. மற்றபடி கீழ் முதுகின் அசைவை அது பூட்டிவிடுவதில்லை. வலி இல்லாதவர்கள் வலி வராமல் இருக்கப் போடுவதில் பலன் இருப்பதாகவும் நிரூபணமாகவில்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-லேயே அப்படித்தான் சொன்னது. 2000-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைத் தொழிலாளர்களை வைத்து அது வெளியிட்ட பெரிய ஆய்விலும், பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. வலி இருக்கும் நாட்களில் பெல்ட் கொடுக்கும் ஆறுதல் வேறு விஷயம், அதை மறுக்க வேண்டியதில்லை. பெல்ட் கட்டிய தைரியத்தில் இரண்டு கிரேடை (தக்காளிப் பெட்டியை) சேர்த்துத் தூக்குவதுதான் ஆபத்து.

ஆகவே லோடு இறக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் போதும். கணக்கெழுத உட்காரும்போதும், டீ குடிக்கும்போதும், பைக் ஓட்டும்போதும் கழற்றிவிடுங்கள். பைக்கில் பெல்ட் மேலே ஏறத்தான் செய்யும், அங்கே அதற்கு வேலையும் இல்லை. தூங்கும்போது கூடவே கூடாது. கடுப்பு குறைந்ததும் இரண்டு, மூன்று வாரத்தில் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து விட்டுவிடுங்கள். சில வாரம் போட்டால் தசை கரைந்துவிடும் என்ற பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஆனால் பெல்ட் இல்லாமல் குனியவே மனம் பயப்படும் பழக்கம் வரும், அது விடுவது கஷ்டம்.

உங்கள் வலிக்கு பெல்ட்டைவிட கிரேடு வைத்திருக்கும் உயரம்தான் பெரிய காரணமாகப் படுகிறது. நியோஷ் கணக்குப்படி எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. சாதகம் என்றால், சுமை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பைத் திருப்பாமல். அதே சுமையை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோ. அதுவும் தரையிலிருந்து என்றால் 9 கிலோவுக்குள் வந்துவிடும். நிறைந்த தக்காளி கிரேடு இதையெல்லாம் தாண்டியது. காலி கிரேடு இரண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிறைந்ததை வையுங்கள், தரையிலிருந்து தூக்குவது நின்றுவிடும். தரையில் இருப்பதை இரண்டு பேராகத் தூக்குங்கள். வண்டிப் பக்கம் திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

இன்னொன்று, விடிகாலை வேலை. இரவு படுத்திருக்கும்போது முதுகுத்தண்டின் எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீர் இழுத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்கினால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். எழுந்ததும் நடங்கள், மண்டியில் முதல் அரைமணி நேரம் தரம் பிரிப்பது போன்ற நின்று செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் பயிற்சி பத்துப் பத்தாக இரண்டு முறை. பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, எதிரெதிர் கை காலை நீட்டி ஐந்து விநாடி நிறுத்துவது, பக்கத்துக்கு எட்டு முறை. வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

குடலிறக்கம், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை இதில் எதுவும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பெல்ட் கட்ட வேண்டாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கழற்றும்போதெல்லாம் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, இரண்டு தொடைக்கும் நடுவே உணர்ச்சி போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றையும் பெல்ட் கட்டி ஆற்றப் பார்க்காதீர்கள்.

துவைக்கும் முன் தகடுகளை உருவிவிட்டு வெல்க்ரோவை மூடி ஒட்டுங்கள், இல்லையென்றால் நூல் எல்லாம் அதில் சிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் கசக்கி, முறுக்காமல், நிழலில் காயப்போடுங்கள். வெயிலிலும் இஸ்திரியிலும் எலாஸ்டிக் செத்துப்போகும். வெல்க்ரோவில் சேரும் பஞ்சையும் சாக்குத் தூசியையும் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தாலே பிடி திரும்ப வரும். இழுத்த பட்டை தளர்ந்தே இருந்தால் பெல்ட்டை மாற்ற வேண்டியதுதான்.