பிளான்ட் இடம் மாறியதும் தரம் ஏன் விழுகிறது? – கேள்வி பதில்

வாகன உதிரிபாகத் தொழிலில் கியூசி (தரச் சோதனை), பிறகு பிளான்ட் குவாலிட்டி என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்குள் இருந்த ஒர்க்‌ஷாப்பைப் பெயர்த்து நெடுஞ்சாலையோரம் வைக்கும் வேலையில் பலமுறை இருந்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம்.

கே: அம்பத்தூர்லேர்ந்து ஓரகடம் வந்துட்டோம் சார். அதே விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற வெட்டு மெஷின்), அதே புரோகிராம், அதே ஃபிக்சர் (பீஸைப் பிடிக்கிற அமைப்பு). ஆனா ரிஜெக்‌ஷன் ஏறிக்கிட்டே போகுது. மதியம் லைன்ல போர் (துளை) சைஸ் ஓகே. ஏசி ரூம்ல சிஎம்எம்-ல (துல்லியமா அளக்கிற மெஷின்) வச்சா அண்டர்சைஸ். ஆபரேட்டரைத்தான் எல்லாரும் திட்டுறாங்க. (லைன் சூப்பர்வைசர்)

ஆபரேட்டரை விடுங்கள் தம்பி. புது ஷெட்டின் கூரை என்ன? தகரமா? மதியம் உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11, 12 மைக்ரான் நீளும். 100 மி.மீ. போரில் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் 11 மைக்ரான் போச்சு. எச்7 (துளைக்கு டிராயிங்கில் தரும் அளவு எல்லை) என்றால் உங்களுக்கு இருக்கும் இடமே 35 மைக்ரான்தான். மூன்றில் ஒரு பங்கை வெயில் தின்றுவிட்டது. செட்டிங் ரிங்கை (கேஜைச் சரிபார்க்கும் அளவு வளையம்) ஏசி ரூமிலிருந்து எடுத்து வந்த கையோடு போர் கேஜை செட் செய்து, சூடான பீஸை அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரிங்கை லைனிலேயே, பீஸ் பக்கத்திலேயே வையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

அடுத்தது லெவல். மெஷின் லாரியில் குலுங்கி வந்திருக்கிறது. போட்டிருப்பதோ புதுத் தரை. அந்தப் பக்கம் பல இடங்களில் மண் கொட்டி நிரப்பித்தான் கட்டியிருக்கிறார்கள், அது மெல்ல அமரும். இன்ஸ்டால் செய்த அன்று லெவல் பார்த்ததோடு விட்டிருந்தால் திரும்பப் பாருங்கள். கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்ச்சித் திரவம்) கலக்கும் தண்ணீரையும் பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பும் கடினமும் எண்ணெயைப் பிரித்துவிடும். டூல் சீக்கிரம் போகும், ஃபினிஷ் கெடும், பழி "புதுப் பையன் சரியா கலக்கலை" என்று வரும்.

கடைசியாக ஒன்று. ஃபிக்சருக்கு அடியில் பழைய செட்டர் (மெஷினை அளவுக்கு அமைத்துக் கொடுப்பவர்) ஏதாவது ஷிம் (மெல்லிய தகடு) வைத்திருந்தாரா என்று விசாரியுங்கள். டிராயிங்கில் இருக்காது. ஷிஃப்டிங் சமயத்தில் துடைத்துச் சுத்தம் செய்தவர் "என்னடா இந்தத் தகடு" என்று எறிந்திருப்பார். அந்தத் தகட்டில்தான் உங்கள் பழைய தரம் இருந்தது.

கே: எங்க எம்டி, "ஆளுங்க கோபத்துல வேணும்னே கெடுக்கிறாங்க"ன்னு சொல்றார். உண்மையா? (எச்.ஆர்.)

வேண்டுமென்றே கெடுப்பவர் ஒருவர் இருவர் இருக்கலாம், நான் அதிகம் பார்த்ததில்லை. நான் பார்த்தது வாய் மூடிக்கொள்வதுதான். முன்பெல்லாம் ஸ்பிண்டில் சத்தம் மாறினால் ஓடிவந்து சொன்னவர், இப்போது கேட்டும் கேளாதது போலப் பீஸ் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் விதிப்படி எல்லாம் சரியாகவே செய்திருப்பார். அவரைப் பிடிக்க முடியாது. ரிப்போர்ட்டில் ரிஜெக்‌ஷன் ஏறும் முன்பே இது தொடங்கிவிடும். பெரும்பாலும் ஷிஃப்டிங் பற்றி வதந்தி கிளம்பிய வாரத்திலேயே.

உங்கள் எம்டிக்கு ஒரு கதை சொல்லுங்கள். கலிபோர்னியாவில் ஃபிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் பிளான்ட் இருந்தது. தரத்துக்கும் ஆள் வராமைக்கும் பேர்போன இடம், 1982இல் மூடிவிட்டார்கள். டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து 1984இல் அதே கட்டடத்தைத் திறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், யூனியனும் அதே யூனியன். தப்பு வந்தால் லைனை நிறுத்தக் கயிறு இழுக்கும் உரிமையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தை ஜப்பானுக்கே அனுப்பிப் பழக்கினார்கள். அங்கிருந்து நல்ல கார் வந்தது. ஆட்கள்தான் காரணம் என்றால் அது நடந்திருக்கக் கூடாதே.

கே: உலகத்துல வேற எங்கயாவது இப்படி இடம் மாத்தி, தரம் கெட்டு, திரும்ப சரியானது உண்டா? (மெக்கானிக்கல் மாணவர்)

உண்டு. நல்ல உதாரணம் மார்லின். 1870இல் தொடங்கிய அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி, கனெக்டிகட் மாநிலத்தில் நார்த் ஹேவனில் பிளான்ட். 2007 கடைசியில் ரெமிங்டன் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி வாங்கியது. 2011இல் நார்த் ஹேவனை மூடி, வேலையை நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். மெஷின்கள் பழசு; டிராயிங் ஒன்று சொல்லும், மெஷின் ஒன்று செய்யும். நடுவில் இருந்த இடைவெளியைப் பல வருடம் அங்கேயே இருந்தவர்கள் கையால் சரிக்கட்டி வந்தார்கள். மெஷின் போனது, அந்தக் கைகள் போகவில்லை. மரக்கட்டை இரும்போடு பொருந்தாமல், குறிபார்க்கும் சைட் கோணலாக எல்லாம் வெளியே வந்தது. வாங்கியவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்து "ரெம்லின்" என்று கேலி செய்யும் அளவுக்குப் போனது.

ரெமிங்டன் திவாலானபோது 2020இல் ரூகர் கம்பெனி மார்லினைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய சூட்டோடு ஓட்டவில்லை. நார்த் கரோலினாவில் தன் பிளான்டில் அமைத்து, செய்முறையைத் தன் மெஷின்களுக்கு ஏற்ப மாற்றி, முதல் துப்பாக்கியை அனுப்பியது 2021 டிசம்பரில். ஒரு வருடத்துக்கு மேல் விற்பனையே இல்லாமல் பொறுத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமை நம்மூர் முதலாளிகளுக்கு வருமா, பார்க்கலாம்.

போயிங் 787ஐயும் பலர் சொல்வார்கள். அது முதலில் இடமாற்றம் அல்ல. சியாட்டில் பக்கம் இருந்த லைனுக்கு இரண்டாவதாக, யூனியன் இல்லாத சவுத் கரோலினாவில் புதிதாகத் திறந்தது. அங்கே கட்டிய முதல் விமானம் 2012இல் வந்தது நம் ஏர் இந்தியாவுக்குத்தான். உலோகச் சீவல் ஒயர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அவசரப்படுத்துகிறார்கள் என்று அங்கே வேலை செய்தவர்களே சொன்னதாக 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. போயிங் தரம் குறையவில்லை என்றது. பிறகு 787 அசெம்பிளி மொத்தத்தையும் அங்கேயே கொண்டுபோனார்கள்.

கே: கஸ்டமர்கிட்ட சொல்லாம புது பிளான்ட்லேர்ந்தே அனுப்பிடலாம், லேபிள்ல பழைய அட்ரஸ் இருக்கட்டும்ங்கிறாங்க. (குவாலிட்டி இன்ஜினியர்)

வேண்டாம். பிபிஏபி (பாகத்துக்குக் கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கும் முறை) விதியில் தெளிவாக இருக்கிறது: டூலிங்கும் மெஷினும் வேறு இடத்துக்குப் போனால் கஸ்டமருக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்டால் திரும்ப சப்மிட் செய்ய வேண்டும். பொதுவாகக் குறைந்தது 300 பீஸ் தொடர்ச்சியாக ஓட்டி, பிபிகே (அளவுகள் எல்லைக்குள் எவ்வளவு நன்றாக நிற்கின்றன என்று காட்டும் எண்) 1.67க்கு மேல் காட்டுங்கள். ஃபீல்டில் ஒரு ஃபெயிலியர் வந்தால் முதலில் பார்ப்பது தேதிக் குறியைத்தான். கையெழுத்து உங்களுடையது என்பதை மறக்காதீர்கள்.

கே: எனக்கு 46 வயசு அண்ணே. வீடு வில்லிவாக்கத்துல. இப்ப கம்பெனி பஸ்லயே போக வர மூணு மணி நேரத்துக்கு மேல. அடுத்த மாசத்துலேர்ந்து பஸ்ஸும் கிடையாது, அலவன்ஸ் வாங்கிக்கோங்கிறாங்க. ஷிஃப்ட் டைமையும் மாத்துறாங்க. கேட்க உரிமை இருக்கா? (ஆபரேட்டர்)

இருக்கிறது. வேலை நேரம், ஷிஃப்ட், வழக்கமாக இருந்து வந்த சலுகை இவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவாக அது இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பஸ் அந்தச் சலுகைக்குள் வருமா என்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், நிலையாணை (கம்பெனியின் வேலை விதிகள்), பழைய 12(3) ஒப்பந்தம் (தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போட்டது) இவற்றைப் பொறுத்தது. மூன்றையும் எடுத்துக்கொண்டு யூனியன் இருந்தால் யூனியனிடம், இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக் கொடுங்கள்.

மேனேஜ்மென்ட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பஸ்ஸை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு நல்ல செட்டர் ரிசைன் செய்த மாதமே போய்விடும். வெளியே அதே சம்பளத்துக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைக்கக்கூடியவர்தான் முதலில் போவார். அதாவது, உங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஆள்.

கே: சீனியர் செட்டர் ஒருத்தர் புது இடத்துக்கு வரலைன்னுட்டார். "தெரிஞ்சதை எழுதிக் கொடுங்க"ன்னா, "எல்லாம் புரோகிராம்லயே இருக்கு மேடம்"னு சிரிக்கிறார். (ஹெச்ஆர் எக்ஸிகியூட்டிவ்)

ஏன் கொடுக்க வேண்டும் அம்மா? வெளியே அனுப்பப் போகிறோம், அதற்கு முன் மண்டையில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போ என்றால் யார்தான் தருவார்கள்? அவருக்குக் காசு கொடுங்கள், மரியாதையோடு. ஆறு மாதம் வாரத்தில் இரண்டு நாள் வந்து போக கன்சல்டன்ட் ஆர்டர், கார், அவர் சொல்லும் இரண்டு பையன்கள் கூடவே. எழுதச் சொல்லாதீர்கள். அவர் செட்டிங் போடட்டும், பையன்கள் பக்கத்தில் நிற்கட்டும், மொபைலில் வீடியோ எடுக்கட்டும். "ஏன் இப்ப அதைத் தட்டுனீங்க?" என்று கேட்டால்தான் அவருக்கே சொல்ல வரும்.

கே: புது இடத்துல எல்லாமே கான்ட்ராக்ட் பசங்க. மூணு மாசத்துல போயிடறாங்க. என்ன டிரெயினிங் கொடுக்கலாம்?

மூன்று மாதத்தில் போகிறவருக்கு எந்த டிரெயினிங்கும் உதவாது. கிரிட்டிக்கல் ஸ்டேஷன்களையாவது பட்டியல் போட்டு, அங்கே கம்பெனி ஆள் மட்டும்தான் என்று வையுங்கள்.

கே: ஷிஃப்டிங்குக்கு முன்னாடி எவ்வளவு ஸ்டாக் கட்டி வைக்கணும்? பிளானிங்ல நாலு வாரம் போதும்ங்கிறாங்க. (மெட்டீரியல்ஸ்)

மெஷின் கழற்றிப் பூட்ட நாலு வாரம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். லெவல், கேஜ் கேலிப்ரேஷன், 300 பீஸ் ரன், கஸ்டமர் அப்ரூவல் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அப்ரூவல் கையில் வரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முடிந்தால் இரண்டு மெஷின் இருக்கும் லைனில் ஒன்றை மட்டும் முதலில் நகர்த்துங்கள். அது அங்கே நல்ல பீஸ் போட்ட பிறகு மற்றதைத் தூக்குங்கள். இன்னொன்று, அந்த ஸ்டாக் பீஸ்களையும் அவசரத்தில் ஓவர்டைம் போட்டுக் கட்டாதீர்கள். வேலை போகுமோ என்ற கவலையில் இருக்கும் ஆளை ஞாயிற்றுக்கிழமையும் வரவழைத்துப் போட்ட ஸ்டாக்கிலிருந்தே கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை எட்டு டி ரிப்போர்ட்டில் (புகாருக்குக் காரணம் கண்டு கஸ்டமருக்கு எழுதிக் கொடுப்பது) எழுதவே முடியாது.